மலையாற்றுக்கு வந்த மீன்

கரவெட்டியில் ஆறு இல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதிலுமே ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வலிகாமத்து வழுக்கியாறு மாரிகாலத்தில் மட்டும் ஓடிக் கோடையில் மறைவது. கரவெட்டிக்கு அணித்தாகக் கிடக்கும் தொண்டைமானாறு பெயரளவில் ஆறாயினும் இயல்பில் உவர்நீர் கொண்ட கடனீரேரியே. கருணாகரத் தொண்டைமான் என்னும் சோழர் படைத்தலைவன் உப்பு ஏற்றிச் செல்லும் பொருட்டு ஓடையை ஆழப்படுத்தியமையால் அப்பெயர் வந்தது என்பது வழிவழி வந்த செய்தி. அந்நீரிற் கரப்புக் குத்தியும் வலை வீசியும் தூண்டில் இட்டும் மீனும் இறாலும் பிடிப்போருக்கு மீன் என்பது அன்றைய கறி. மிகுந்தது சந்தைக்குரிய பண்டம். மீன் பிடித்தலை ஒரு விளையாட்டாக எண்ணுதல் அவர்கள் அறியாதது.

ஆயினும் இதே இலங்கையின் மத்திய மலைநாட்டில், பிடிப்பதன் இன்பம் ஒன்றற்காகவே ஒரு மீன் ஏறக்குறைய ஆறாயிரம் மைல் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதற்கெனப் பொரிப்பகங்கள் எழுந்தன. அதனைப் பிடிப்பதற்குரிய பருவமும் பிடிக்கத்தகாத பருவமும் வகுக்கப்பட்டன. அதனைக் காப்பதற்குக் காவலரும் அமர்த்தப்பட்டனர். டிரவுட் என்னும் அம்மீனின் வரலாற்றை ஆராய்வோர்க்கு, நீர் யாருக்கு உரியது, அதனைக் காக்கும் கடமை யாரைச் சார்ந்தது என்னும் பெரிய வினாவொன்று இடையிடையே எதிர்ப்படும். கடலும் கடனீரேரியும் சூழ வாழும் வடமராட்சி மக்களுக்கும் அவ்வினா புறம்பானதன்று.

முதலில் அவ்விளையாட்டின் இயல்பை அறிதல் வேண்டும். சாதாரணத் தூண்டிலில் மண்புழுவோ இறாலோ இரையாகக் குத்தப்படும். டிரவுட் பிடிப்போர் பயன்படுத்தும் தூண்டிலில் இரை என்று ஒன்றும் இல்லை. சிறு கொக்கி ஒன்றைச் சுற்றி நூலும் கம்பளி இழையும் பறவை இறகும் கட்டி, அதனை ஓர் ஈயைப் போலத் தோன்றச் செய்வர். ஆற்றுநீரிற் புழுவாய் வளர்ந்து, பின் சிறகு பெற்று மேலெழுந்து, ஒருநாட் பொழுதே வாழ்ந்து மடியும் பூச்சியினங்கள் பல உண்டு. அவையே டிரவுட்டின் விருப்பமான உணவு. எந்த மாதத்தில், எந்த வேளையில், எந்தப் பூச்சி நீர்மேல் எழும் என்பதை அறிந்து, அதனை ஒத்த போலி ஈயைக் கட்டுவதே அக்கலையின் முதற்படி. அந்தப் போலி ஈக்கு எடையே இல்லை என்னலாம். ஆதலால் அதனைக் கல்லெறிவது போல எறிதல் இயலாது. தூண்டிற்கயிற்றைக் கனமுள்ளதாகச் செய்து, வளையும் கோலினாற் பின்னும் முன்னுமாக வீசி, கயிற்றின் எடையே ஈயைக் கொண்டுசென்று நீர்மேல் மெல்ல இறக்குமாறு செய்வர். ஈ விழும்போது நீர் சற்றே கலங்கினாலும், கரையில் நிற்பவனின் நிழல் ஆற்றில் விழுந்தாலும், மீன் கல்லிடுக்கில் ஒளிந்துவிடும்.

இக்கலை மிகப் பழையது. உரோமப் பேரரசில், கி.பி. 200ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஈலியனஸ் என்பவர், மக்கெதோனியாவின் ஆறொன்றில் மக்கள் கொக்கியிற் செந்நிறக் கம்பளியும் சேவலின் இறகும் கட்டிப் புள்ளியிட்ட மீன்களைப் பிடித்தமையை எழுதிவைத்தார். இங்கிலாந்தில் 1496ஆம் ஆண்டிலேயே தூண்டில் மீன்பிடி பற்றிய நூலொன்று அச்சேறியது. 1653இல் ஐசாக் வால்ற்றன் எழுதிய நூலோ இன்றுவரை மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டு வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் உயர்குடியினருக்கு ஆற்றங்கரையில் ஒருநாளைக் கழித்தல் கல்வியும் பண்பும் உடையார்க்குரிய பொழுதுபோக்காயிற்று. குடியேற்ற நாடுகளுக்குச் சென்ற அவர்கள் அதனையும் உடன்கொண்டு செல்ல விழைந்ததில் வியப்பில்லை.

ஆனால் மீன் அவ்வளவு எளிதில் உடன்வருவதாயில்லை. டிரவுட் குளிர்ந்த நீரின் பிள்ளை. நீரின் வெப்பம் 20 பாகை சென்ரிகிரேட்டுக்கு மேற்படின் அது சோர்வுறும். நீர் சூடேறுந்தோறும் அதிற் கரைந்துள்ள ஒட்சிசன் குறைந்து மூச்சுத் திணறும். முட்டையிடுவதற்குத் தூய பரற்கற்கள் நிறைந்த ஆற்றுப்படுகை வேண்டும். பெண்மீன் வாலினாற் கற்களை விலக்கிக் குழி செய்து, முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடும். அக்கற்களினூடே நீர் இடையறாது ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். சேறு படிந்தால் முட்டைகள் மூச்சற்று மடியும். இத்தகைய மீனை வெப்பமண்டலக் கடலைக் கடந்து கொண்டுவருதல் யாங்ஙனம்?

விடை மீனிலன்றி முட்டையிற் கிடைத்தது. டிரவுட் முட்டை குளிர் மிகுந்தால் மெதுவாக வளரும். 10 பாகை வெப்பமுள்ள நீரிற் கபிலநிற டிரவுட்டின் முட்டை பொரிக்க ஏறக்குறைய நாற்பது நாட்கள் செல்லும். வெப்பம் உறைநிலையை அணுகுமாயின் அக்காலம் மாதக்கணக்கில் நீளும். இவ்வுண்மையைப் பயன்படுத்தி, 1864ஆம் ஆண்டில் ‘நோர்போக்’ என்னும் கப்பலிற் பனிக்கட்டி அறையொன்று அமைத்து, ஈரப்பாசியிற் பொதிந்த முட்டைகளை இங்கிலாந்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதப் பயணத்தின் பின் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு சேர்த்தனர். அவற்றுள் டிரவுட் முட்டைகள் ஏறத்தாழ மூவாயிரமே. தஸ்மேனியாத் தீவிற் பொரித்த சில நூறு குஞ்சுகளின் வழித்தோன்றல்கள் 1867இல் நியூசிலாந்தையும் அடைந்தன.

இந்தியாவில் அத்தகைய முயற்சி அதற்கு ஓராண்டு முன்னரே தொடங்கிவிட்டது. சென்னை மாகாணத்தில் மருத்துவராய்ப் பணியாற்றியவரும், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் இயற்றியவருமான பிரான்சிஸ் டே என்பவர், 1863இல் நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்று தோற்றார். 1866இலும் முயன்றார். ஆயினும் அம்மலையில் அம்மீன் அப்போது நிலைபெறவில்லை. காஷ்மீரத்திலும் 1899இல் வந்த பதினாயிரம் முட்டைகள் வழியிலேயே அழிந்தன. அடுத்த ஆண்டில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவையே பிழைத்தன.

இலங்கையின் முயற்சி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,100 அடி உயரத்திலுள்ள நுவரெலியா, தேசாதிபதி சேர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலம் முதல் ஆங்கிலேயர் வெயிலுக்கு ஒதுங்கும் நகராக வளர்ந்து வந்தது. 1870களில் தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அங்கு ஏரியும் அமைந்தது. அங்குள்ள ஓடைகளின் குளிர்ச்சி அவர்களுக்குத் தங்கள் தாயகத்தை நினைவூட்டிற்று. 1882ஆம் ஆண்டு தொடங்கிக் கபிலநிற டிரவுட்டின் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து வருவிக்கப்பட்டன. 1869இற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டமையாற் கடற்பயணம் சுருங்கியிருந்தது. 1885இற் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியதும் கொழும்பின் வெக்கையிலிருந்து மலைக்குளிருக்கு விரைவில் ஏறவும் வழியுண்டாயிற்று.

முட்டைகள் பொரித்தன, குஞ்சுகள் ஓடைகளில் விடப்பட்டன, அவை வளர்ந்தும் பருத்தன. ஆனால் ஒரு குறை இருந்தது. கபிலநிற டிரவுட் இலங்கை ஓடைகளில் வாழ்ந்ததேயன்றித் தானாகப் பெருகவில்லை. ஆண்டுதோறும் பொரிப்பகத்துக் குஞ்சுகளை விட்டு வந்தாலன்றி அவ்வினம் நிலைத்திராது. வடநாட்டில் அம்மீனுக்கு முட்டையிடும் காலத்தை அறிவிப்பது இலையுதிர் காலத்தின் குளிரும் பகலின் குறுக்கமும். பகலும் இரவும் ஏறக்குறைய ஒத்திருக்கும் இந்நாட்டில், பருவம் என்பது காற்றும் மழையும் மாறுவதே. அதன்பின், அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் வருவிக்கப்பட்டது. சற்றே கூடிய வெப்பத்தையும் தாங்கவல்ல அவ்வினம், ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் மனிதர் துணையின்றித் தானே முட்டையிட்டுப் பெருகத் தலைப்பட்டது.

ஹோர்ட்டன் சமவெளி ஏறக்குறைய 7,000 அடி உயரத்திற் கிடக்கும் புல்வெளி. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ரொபேட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரைத் தாங்குவது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பேராறுகளின் தலைநீர்கள் அங்கே பிறக்கின்றன. வளவையின் கிளையாகிய பெலிஹுல் ஓயா அச்சமவெளியின் பனிமூட்டத்தினிடையே பளிங்கு போல் ஓடுவது. 1896இல் நிறுவப்பட்ட இலங்கை மீன்பிடிக் கழகம் இத்தகைய ஓடைகளைத் தன் பொறுப்பில் ஏற்றது. நுவரெலியாவிற் பொரிப்பகம் நடத்திக் குஞ்சுகளை வளர்த்து விட்டது. தோட்டத் துரைமாரும் அரசாங்க உத்தியோகத்தரும் அதன் உறுப்பினராயினர்.

இலங்கையில் நிலைபெற்ற மீன், பின்னர் இந்தியாவுக்குச் சென்றமை இவ்வரலாற்றின் சுவையான பகுதியாகும். சேர் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையிற் சென்னை மாகாண மீன்வளத் திணைக்களம் 1907இல் உருவாயிற்று. அதன் மீன் வளர்ப்பு நிபுணரான எச். சி. வில்சன், இலங்கையிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வானவில் டிரவுட்டை வருவித்து, 1909–10ஆம் ஆண்டுகளில் நீலகிரியின் அவலாஞ்சிப் பகுதியிற் பொரிப்பகம் அமைத்து நிலைபெறச் செய்தார். பிரான்சிஸ் டேயின் முதல் முயற்சிக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய அரைநூற்றாண்டு சென்றுவிட்டது. தன் தாயகத்தில் இளவேனிலில் முட்டையிடும் அம்மீன், நீலகிரியில் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலுமாக முட்டையிடப் பழகிக்கொண்டது. மனிதர் வகுத்த நாட்காட்டியை விட்டு, வந்த நாட்டின் மழையையும் குளிரையும் பார்த்து மீன் தன் பருவத்தை மாற்றிக்கொண்டது.

இங்கே கருதத்தக்கது அவ்விளையாட்டினர் வகுத்த ஒழுங்கு. முட்டையிடும் பருவத்தில் தூண்டில் இடுதல் கூடாது. குறித்த அளவினுங் குறைந்த மீன் அகப்படின் அதனை ஊறின்றி நீரில் விடுதல் வேண்டும். ஒருநாளில் இத்தனை மீனுக்கு மேல் எடுத்தலாகாது. நஞ்சு கலத்தலும் வெடி வைத்தலும் தண்டனைக்குரியன. அனுமதிப் பத்திரம் இன்றி ஆற்றை அணுகலாகாது. நீலகிரியில் வேட்டை விலங்கையும் மீனையும் பாதுகாக்க 1879இலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பிடிப்பவனே காப்பவனாகவும் இருத்தல் வேண்டும் என்னும் கருத்து இவ்விதிகளின் உயிர். ஆசை மிகுந்து இன்றே எல்லாவற்றையும் அள்ளினால் நாளைக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். நல்ல ஒழுங்கு, அதனை வகுத்தவர் எவராயினும், நல்லதென்றே ஏற்றல் வேண்டும்.

ஆயினும் அவ்வொழுங்கின் மறுபுறத்தையும் நோக்குதல் நடுவுநிலை. மலையகத்தின் அதே ஓடைக்கரைகளில் லயங்களில் வாழ்ந்தவர்கள் தமிழ்நாட்டின் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர். கோப்பிப் பயிர் 1869இல் தோன்றிய இலைநோயால் அழிந்தபின், தேயிலைக்காகக் காட்டை வெட்டிச் சரிவைத் திருத்தியவர்கள் அவர்களே. குளித்தலும் துவைத்தலும் குடிநீர் மொண்டு வருதலும் அவர்களுக்கு அவ்வோடைகளில்தான். ஆனால் ஓடையிலே துள்ளிய மீனில் அவர்களுக்குப் பங்கில்லை. துரை தூண்டிலிற் பிடித்தால் விளையாட்டு. கூலியாள் பசிக்குப் பிடித்தால் திருட்டு. ஆற்றைக் காத்த விதிகள் அவர்களைக் கேட்டு வகுக்கப்பட்டனவல்ல. சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாட்டின் குடிமக்களாகவே ஏற்கவில்லை. அக்குறை முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. குடியே இல்லாதவனுக்கு ஆறு எங்ஙனம் உரியதாகும்?

மேலும் ஒரு முரண்பாடு உண்டு. ஆற்றிலிருந்து மீனைக் கூடுதலாக எடுக்கலாகாது என்று விதி வகுத்த அதே சமூகத்தினரே, ஆற்றைப் பெற்றெடுக்கும் காட்டைத் தேயிலைக்காக அழித்தனர். தாவரவியலறிஞர் சேர் யோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடலாகாது என அறிவுறுத்த, 1873இல் அவ்வாறே ஆணை பிறந்தது. அதன் பயனாகவே ஹோர்ட்டன் சமவெளியின் தலைநீர்கள் இன்றளவும் தெளிந்து ஓடுகின்றன. ஆயின் அதற்குக் கீழ்ப்பட்ட சரிவுகளில் மரங்கள் வீழ்ந்தன. நிழலிழந்த ஓடையின் நீர் சூடேறிற்று. மழைதோறும் மண் கரைந்து பரற்கற்களின்மேற் சேறாய்ப் படிந்தது. தூண்டிலால் எடுக்கப்படும் மீனுக்கு எண்ணிக்கை வகுத்தவர்கள், சேற்றினால் அழியும் முட்டைகளுக்குக் கணக்கு வைத்திலர்.

வந்த மீன் தான் புகுந்த நீருக்கு என்ன செய்தது என்பதும் கேட்கத்தக்கது. டிரவுட் ஊனுண்ணும் இனம். பூச்சி, இறால், சிறுமீன் யாவும் அதற்கு உணவு. ஹோர்ட்டன் சமவெளியின் ஓடையில், 15 பாகைக்கும் குறைந்த குளிர்நீரிலே, ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் நீளத்துக்குள் மட்டும் வாழும் சிற்றிறால் இனமொன்று உண்டு. உலகில் வேறெங்கும் அஃது இல்லை. அத்தகைய உயிருக்கு ஊனுண்ணும் புதிய மீனொன்று அயலாய் வந்தமை அச்சத்துக்குரியது என உயிரியலறிஞர் கருதுகின்றனர். தென்னமெரிக்காவின் தித்திக்காக்கா ஏரியில் 1940ஆம் ஆண்டளவில் டிரவுட் விடப்பட்டபின், அவ்வேரிக்கே உரிய மீனினம் ஒன்று முற்றாக அற்றுப்போயிற்று. உலகில் மிகுந்த தீங்கு விளைத்த அந்நிய உயிரினங்கள் நூறு என இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் தொகுத்த பட்டியலிற் கபிலநிற டிரவுட், வானவில் டிரவுட் ஆகிய இரண்டும் இடம்பெற்றுள்ளன. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆற்றுக்கு அணிகலமாக எண்ணப்பட்டதை, அதே ஆற்றுக்கு ஊறாக எண்ணும் காலம் வந்துவிட்டது.

காலம் வேறு மாற்றங்களையும் கொணர்ந்தது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், தோட்டக் கம்பனிகளின் நிலங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் துரைமாரின் ஆட்சிக்கு முடிவு கட்டின. அவர்களோடு அவ்விளையாட்டின் செல்வாக்கும் மங்கிற்று. ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு சேர்ந்து உலக மரபுரிமை என்னும் சிறப்பையும் பெற்றது. ஆண்டுதோறும் குஞ்சு விட்டாலன்றி நிலைத்திராத கபிலநிற டிரவுட், அவ்வாறு விடுவோர் அருகியபோது தானும் அருகிற்று. தானே பெருகப் பழகிய வானவில் டிரவுட்டே சமவெளியின் நீரில் தொடர்ந்து வாழ்ந்தது.

இவ்வரலாற்றினின்று பெறத்தக்கது யாது? ஆற்றுக்கு ஓய்வுப் பருவம் வேண்டும் என்பதும், எடுப்பதற்கு எல்லை வேண்டும் என்பதும் டிரவுட் பிடித்தோர் நமக்கு விட்டுச்சென்ற நல்லறிவு. ஆனால் கரையில் வாழ்பவனை விலக்கிவைத்துச் செய்யும் காவல், காவலன் நீங்கியதும் நீங்கிவிடும். ஆற்றில் உரிமையில்லாதவனுக்கு ஆற்றின்மேற் பொறுப்பும் தோன்றுவதில்லை.

இவ்வுண்மை மலையகத்தோடு நிற்பதன்று. தொண்டைமானாற்றின் கழிமுகத்தில், கடல்நீர் உட்புகாது தடுத்து ஏரியை நன்னீராக்கும் நோக்குடன் தடுப்பணை கட்டப்பட்டது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் வரைந்த, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் பெருந்திட்டத்திலும் இக்கடனீரேரி இன்றியமையாத இடம் பெற்றது. உவர் குறைந்தால் வயலுக்கும் கிணற்றுக்கும் நலம். கரவெட்டியின் கமக்காரன் அதனை விரும்புவான். இறாற் குஞ்சுகளோ கடலிற் பிறந்து ஏரிக்குள் வந்து வளர்பவை. கதவு அடைபட்டே கிடந்தால் அவை உட்புகமாட்டா. ஏரியை நம்பி வாழும் மீனவன் கதவு திறத்தலை வேண்டுவான். இருவர் வேண்டுகோளும் நியாயமானவை. கதவை எந்த மாதத்தில் திறப்பது, எந்த மாதத்தில் அடைப்பது என்னும் பருவத்தை வகுப்பது பொறியியலாளரின் மேசையில் மட்டும் முடியும் காரியமன்று. மழையைப் பார்த்து நிற்கும் கமக்காரனும், இறாலைப் பார்த்து நிற்கும் மீனவனும் ஒருங்கே அமர்ந்து அதனை வகுத்தல் வேண்டும். மலையாற்றங்கரை லயத்திலிருந்து ஒருவரையேனும் அழைத்து எவரும் இவ்வாறு கேட்டதில்லை. தொண்டைமானாற்றங் கரையிலாவது அக்கேள்வி கேட்கப்படுமாக.